விடிய விடியக் கூத்து: ஜாங்கோ தளத்தில் காணொளிச் சேவையை இணைக்கும் முறை

பங்குனியில் தொடங்கி ஆடி வரை வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, செய்யாறு வட்டாரங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்த பின்னும், 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின்னும், கூத்துக் குழுக்கள் பழைய வட்டாரம் முழுவதும் போய் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்போது வில் வளைப்பும் துகிலுரிதலும் அர்ச்சுனன் தபசும் கைப்பேசியிலும் கேமராவிலும் பதிவாகின்றன. ஆனால் அந்தப் பதிவுகள் யாரோ ஒருவரின் பென் டிரைவிலோ பழைய மடிக்கணினியிலோ கிடந்து, ஒரு நாள் கெட்டுப்போகின்றன. ஒரு கூத்துக் குழு தன் பதிவுகளைத் தானே காத்து, தான் விரும்புகிறவர்களுக்கு மட்டும் காட்டுவதற்கு ஒரு தளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதப்படும் அத்தகைய தளத்தோடு, காணொளிக்கென்றே இயங்கும் ஒரு வெளிச் சேவையை இணைக்கும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

ஜாங்கோவில் மாடல், வியூ, டெம்ப்ளேட், மைக்ரேஷன் ஆகியவற்றை ஒரு முறையாவது எழுதிப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் வரிகளை ஆவணங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எதை முதலில் செய்வது, ஏன் அதை முதலில் செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே அந்த வரிசையிலேயே கவனம் வைக்கிறேன். கட்டுரை முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: காணொளிக் கோப்பு உங்கள் சர்வருக்குள் ஒரு கணமும் நுழையக் கூடாது. யார் பதிவேற்றலாம், யார் பார்க்கலாம், எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்ற மூன்றை மட்டுமே உங்கள் சர்வர் அறிந்திருக்க வேண்டும்.

கோப்பைச் சர்வருக்குள் ஏன் விடக் கூடாது

ஜாங்கோவில் கோப்புக்கென்று ஒரு புலம் இருக்கிறது. அதை மாடலில் சேர்த்து, படிவத்தில் ஒரு பொத்தானை வைத்தால் பதிவேற்றம் நடக்கும். புகைப்படத்துக்கு அது போதும். இரவு முழுவதும் நடக்கும் கூத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும் கேமரா, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட் எழுதும். எட்டு மணி நேரத்துக்கு 28.8 ஜிகாபைட் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் அதை அனுப்பி முடிக்க ஏறக்குறைய ஆறரை மணி நேரம் பிடிக்கும். ஜாங்கோவுக்கு முன்னால் பொதுவாக வைக்கப்படும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர், இயல்பான அமைப்பில் 1 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோரிக்கையை ஏற்காது. ஜாங்கோவை இயக்கும் குனிகார்ன், 30 நொடிக்குள் பதில் தராத வொர்க்கரை (கோரிக்கைகளைக் கையாளும் செயல்முறையை) நிறுத்திவிடும். இந்த எல்லைகளைத் தளர்த்தலாம் என்றாலும், சிறிய சர்வரில் இரண்டு வொர்க்கர்கள் ஓடிக்கொண்டிருக்க, அவற்றில் ஒன்று மணிக்கணக்கில் ஒரே கோப்பை வாங்கிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குத் தளம் திறக்கத் தாமதமாகும்.

கோப்பு வந்து சேர்ந்த பின்னும் வேலை முடிவதில்லை. கிராமத்தில் கைப்பேசியில் பார்க்கிறவருக்கும், காட்பாடியில் ஃபைபர் இணைப்பில் பார்க்கிறவருக்கும் ஒரே தரத்தில் அனுப்ப முடியாது. ஒரே காணொளியைப் பல தரங்களில் குறியாக்கம் செய்து, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக வெட்டி, பார்ப்பவரின் இணைப்பு வேகத்துக்கு ஏற்ற துண்டைத் தரவேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட எச்எல்எஸ் என்ற முறை இதைத்தான் செய்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியைக் கொண்டு இதை நாமே செய்யலாம். ஆனால் எட்டு மணி நேரப் பதிவைப் பல தரங்களுக்கு மாற்றுவது சிறு சர்வரின் செயலியை நெடுநேரம் முழுமையாகப் பிடித்துக்கொள்ளும். சேமிப்பு, குறியாக்கம், விநியோகம் மூன்றையும் வெளிச் சேவையிடம் ஒப்படைப்பதற்குக் காரணம் இதுதான்.

சேவையைத் தேர்ந்தெடுத்தல்

எல்லோரும் பார்க்கலாம் என்று குழு நினைக்கும் பதிவுகளுக்கு யூடியூப் போதும். அவற்றுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. யூடியூபில் பட்டியலிடாத காணொளியை, இணைப்பைப் பெற்ற யாரும் பார்க்க முடியும் என்பதை மட்டும் குழுவை நடத்தும் வாத்தியாருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆடுபவர்களின் உழைப்பு அது. அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கே உண்டு. அனுமதி பெற்றவருக்கு மட்டும் காட்ட வேண்டிய பதிவுகளுக்கு மக்ஸ், கிளவுட்ஃபிளேர் ஸ்ட்ரீம், பன்னி ஸ்ட்ரீம் போன்ற சேவைகள் பொருந்தும். இங்கே மக்ஸை எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் பெயர்கள் மாறுமே தவிர, வேலையின் ஒழுங்கு ஏறக்குறைய இதுவே.

கட்டணம் டாலரில் வரும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, நமது வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே கேட்டு இயக்க வேண்டும். கணக்குத் தொடங்கும் முன் வங்கிச் செயலியில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேமித்து வைத்திருக்கும் நிமிடங்களுக்கும் பார்க்கப்படும் நிமிடங்களுக்கும் கட்டணம் உண்டு என்பதால், ஒரு பருவத்தின் மொத்த நேரத்தைக் கணக்கிட்டு, விலைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே குழுவிடம் தொகையைச் சொல்லுங்கள்.

கணக்கும் திறவுகோல்களும்

மக்ஸில் கணக்குத் தொடங்கியதும் இரண்டு என்விரான்மென்ட்களை (தனித் தனி வேலையிடங்களை) உருவாக்குங்கள்: ஒன்று சோதனைக்கு, மற்றது உண்மையான தளத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி ஆக்சஸ் டோக்கன் (உங்கள் சர்வர் சேவையை அழைப்பதற்கானது), தனி வெப்ஹுக் (சேவை உங்கள் சர்வருக்கு அறிவிப்பு அனுப்பும் வழி), தனிக் கையொப்பத் திறவுகோல் (பார்ப்பவருக்கான அனுமதியில் கையொப்பமிடுவதற்கானது) உண்டு. ஒன்றின் டோக்கனைக் கொண்டு மற்றொன்றின் காணொளியைத் தேடினால் அது இல்லை என்றே பதில் வரும். காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கலாம்.

ஆக்சஸ் டோக்கனின் ரகசியப் பகுதி உருவாக்கும்போது ஒரே முறைதான் திரையில் தெரியும். அதை ஜாங்கோவின் செட்டிங்ஸ் கோப்பில் நேரடியாக எழுதாதீர்கள். சூழல் மாறியில் வைத்து, செட்டிங்ஸ் கோப்பு அதைப் படிக்கும்படி செய்யுங்கள். சூழல் மாறிகள் உள்ள கோப்பைக் கிட் களஞ்சியத்துக்குள் போகாதபடி விலக்கிவிடுங்கள். ஒரு முறை கிட்டில் சேர்ந்துவிட்ட ரகசியத்தைப் பின்னர் அழித்தாலும் அது பழைய வரலாற்றில் இருக்கும். அப்படி நேர்ந்தால் அந்த டோக்கனையே ரத்து செய்து புதியதை எடுப்பதே சரியான வழி.

மாடலை அமைத்தல்

பதிவுக்கான மாடலில், கூத்தின் பெயர், குழு, ஊர், ஆடிய நாள் ஆகியவற்றோடு சேவை சார்ந்த ஐந்து புலங்கள் வேண்டும்: பதிவேற்ற எண், அசெட் (சேவையில் சேமிக்கப்படும் காணொளி) எண், பிளேபேக் எண், நொடிகளில் நீளம், நிலை. முதல் நான்கும் தொடக்கத்தில் காலியாக இருக்கும். நிலை என்ற புலம் காத்திருக்கிறது, தயாராகிறது, தயார், பிழை என்ற நான்கில் ஒன்றாக இருக்கட்டும். முதன்மைச் சாவிக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போகும் எண்ணைவிட, யூயூஐடி என்ற ஊகிக்க முடியாத நீண்ட அடையாளம் நல்லது; முகவரியில் எண்ணை மாற்றி மற்ற பதிவுகளைத் தேடும் முயற்சிக்கு இடமிருக்காது.

அசெட் எண்ணும் பிளேபேக் எண்ணும் வெவ்வேறானவை என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அசெட் எண் உங்கள் சர்வருக்கும் சேவைக்கும் இடையில் மட்டும் வழங்குவது. நீக்குவதற்கும் விவரம் கேட்பதற்கும் அது தேவை. பிளேபேக் எண் உலாவிக்குப் போவது. ஒரே அசெட்டுக்குப் பல பிளேபேக் எண்கள் இருக்கலாம். ஒன்றை நீக்கினாலும் காணொளி அழியாது, அந்த வழியாகப் பார்ப்பது மட்டும் நின்றுபோகும்.

பதிவேற்றம்

பதிவேற்றத்தின் ஒழுங்கு இது. பயனர் கூத்தின் விவரங்களை நிரப்பிப் படிவத்தை அனுப்பியதும், ஜாங்கோ வியூ முதலில் தரவுத்தளத்தில் ஒரு வரியைச் சேமிக்கிறது. பிறகு அந்த வியூ, மக்ஸின் ஏபிஐயிடம் நேரடிப் பதிவேற்றத்துக்கான முகவரி ஒன்றைக் கேட்கிறது. வந்த பதிவேற்ற எண்ணை அந்த வரியில் எழுதி, முகவரியை உலாவிக்கு அனுப்புகிறது. உலாவி கோப்பை அந்த முகவரிக்கே நேராக அனுப்புகிறது. ரகசிய டோக்கன் உலாவிக்குப் போவதில்லை. கோப்பு ஜாங்கோவுக்கு வருவதில்லை.

முகவரியைக் கேட்கும்போது நான்கு செய்திகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

முதலாவது காஸ் ஆரிஜின்: எந்தத் தளத்திலிருந்து பதிவேற்றம் வரும் என்பது. உங்கள் கணினியில் சோதிக்கும்போது அது லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8000. உண்மையான தளத்தில் எச்டிடிபிஎஸ் உட்பட முழு முகவரி. இது பொருந்தாவிட்டால் உலாவி பதிவேற்றத்தைத் தடுத்துவிடும். சர்வர் பதிவுகளில் அதற்குத் தடயமே இருக்காது, உலாவியின் கன்சோலில் மட்டும் தெரியும்.

இரண்டாவது பிளேபேக் பாலிசி. பொது என்று கொடுத்தால் எண் தெரிந்த யாரும் பார்க்கலாம். கையொப்பம் தேவை என்று கொடுத்தால் நீங்கள் தரும் டோக்கன் இல்லாமல் பார்க்க முடியாது. குழுவின் பதிவுகளுக்கு இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது பாஸ்த்ரூ என்ற புலம். 255 எழுத்துகள் வரை எதையும் அதில் வைக்கலாம், சேவை அதைத் தொடாமல் அசெட் பற்றிய அறிவிப்புகளில் திருப்பித் தரும். உங்கள் வரியின் யூயூஐடியை அதில் வையுங்கள். வரியை முதலில் சேமிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

நான்காவது காலக்கெடு. பதிவேற்ற முகவரி இயல்பாக 3600 நொடிகள், அதாவது ஒரு மணி நேரம் மட்டுமே செல்லும். சிறு கோப்பைக் கொண்டு சோதிப்பவர்கள் இதைக் கவனிக்க வாய்ப்பில்லை. முழு இரவுப் பதிவை அனுப்பும்போதோ ஆறரை மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குப் பின் வீணாகும். காலக்கெடுவை 604800 நொடிகள், அதாவது ஏழு நாள் வரை நீட்டலாம். ஒரு நாள், 86400 நொடிகள், நமது தேவைக்குப் போதுமானது.

உலாவிப் பக்கத்தில் கோப்பை ஒரே மூச்சில் அனுப்பக் கூடாது. மக்ஸ் வெளியிட்டிருக்கும் அப்சங்க் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் கோப்பைத் துண்டுகளாக்கி அனுப்புகிறது. ஒரு துண்டு தவறினால் அதை மட்டும் மறுபடி அனுப்புகிறது. துண்டின் அளவு இயல்பாக 30720 கிலோபைட். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு அது பெரிது. 5120 என்று குறைத்துக் கொடுங்கள். அளவு 256-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதை அப்சங்க் தெரிவித்துக்கொண்டே இருக்கும். அதைத் திரையில் தமிழில் காட்டுங்கள், பதிவேற்றம் முடியும் வரை பக்கத்தை மூட வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் அதனடியில் எழுதுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். முழு இரவையும் ஒரே கோப்பாக அனுப்பாமல், கூத்தில் இயல்பாக இடைவெளி விழும் இடங்களில் பிரித்து, மூன்று நான்கு பதிவுகளாக அனுப்புவது எல்லா வகையிலும் நல்லது. ஒன்று தவறினாலும் மற்றவை நிற்கும். பார்ப்பவருக்கும் கட்டியங்காரன் வரவையோ சூதாட்டத்தையோ தேடி எடுப்பது எளிது.

வெப்ஹுக்: காணொளி தயாரானதை அறிதல்

பதிவேற்றம் முடிந்த உடனே காணொளி பார்க்கத் தயாராகிவிடாது. குறியாக்கம் நடக்க வேண்டும்; அது எப்போது முடியும் என்பதை உலாவி அறியாது. பதிவேற்றம் முடிந்ததாக உலாவி சொன்னதை நம்பி நிலையைத் தயார் என்று மாற்றுவது, புதியவர்களின் நிரல்களில் நான் மிகுதியாகப் பார்க்கும் குறை. பயனர் பக்கத்தை மூடிவிட்டால் அந்தச் செய்தி வரவே வராது. வந்தாலும் அது உண்மையா என்று உறுதி செய்ய வழியில்லை. சேவை தானே உங்கள் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். அதற்குத்தான் வெப்ஹுக்.

ஜாங்கோவில் இதற்கென்று ஒரு முகவரியும் வியூவும் எழுதி, போஸ்ட் கோரிக்கையை மட்டும் ஏற்கும்படி செய்யுங்கள். இந்தக் கோரிக்கை உங்கள் படிவத்திலிருந்து வருவதில்லை என்பதால் வேறு தளங்களிலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனையிலிருந்து இந்த ஒரு வியூவுக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும். விலக்கு அளித்த இடத்தில் வேறு காவல் தேவை. அந்தக் காவல் கையொப்பம். ஒவ்வோர் அறிவிப்பின் தலைப்பிலும் மக்ஸ் சிக்னேச்சர் என்ற வரி வரும். அதில் ஒரு நேர முத்திரையும் ஒரு கையொப்பமும் இருக்கும். நேர முத்திரை, ஒரு புள்ளி, கோரிக்கையின் உடல் ஆகியவற்றை அதே வரிசையில் சேர்த்து, வெப்ஹுக்குக்கான ரகசியத்தைக் கொண்டு எச்மேக் எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்டால் அதே கையொப்பம் கிடைக்க வேண்டும். உடலை வந்தபடியே, பைட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசனாகப் பிரித்து மறுபடி கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. இரு கையொப்பங்களையும் ஒப்பிட, பைத்தானின் எச்மேக் தொகுதியிலுள்ள கம்பேர் டைஜஸ்ட் செயற்கூற்றையே பயன்படுத்துங்கள். நேர முத்திரை ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், யாரோ பழைய அறிவிப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கொண்டு மறுத்துவிடலாம்.

மூன்று அறிவிப்புகளைக் கவனித்தால் போதும். பதிவேற்றத்திலிருந்து அசெட் உருவானது என்ற அறிவிப்பில் அசெட் எண் கிடைக்கும். உங்கள் வரியைப் பதிவேற்ற எண்ணைக் கொண்டு கண்டுபிடியுங்கள். அசெட் தயார் என்ற அறிவிப்பில் பிளேபேக் எண்ணும் நீளமும் பாஸ்த்ரூவும் வரும். இங்கே பாஸ்த்ரூவைக் கொண்டு வரியைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் எழுதுங்கள். அசெட் பிழை என்ற அறிவிப்பு வந்தால் நிலையைப் பிழை என்று மாற்றி, பதிவேற்றியவருக்குத் தெரிவியுங்கள்.

ஒரே அறிவிப்பு இரு முறை வரலாம். முன்னது பின்னும், பின்னது முன்னும் வரலாம். ஆகவே தயார் என்று ஆகிவிட்ட வரியை, தாமதமாக வந்த அறிவிப்பு தயாராகிறது என்று பின்னுக்கு இழுத்துவிடாமல் தடுக்க வேண்டும். வரியை எடுத்து, மாற்றி, சேமிப்பதற்குப் பதிலாக, தயார் நிலையில் இல்லாத வரியை மட்டும் வடிகட்டி அப்டேட் செய்யும் ஒரே வினவலாக எழுதினால் இது தானே நடக்கும். வேலை முடிந்ததும் உடனே 200 என்ற பதிலைத் தாருங்கள். மின்னஞ்சல் அனுப்புவது போன்ற மெதுவான வேலைகளைப் பின்னணிக்குத் தள்ளிவிடுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் மக்ஸ் 24 மணி நேரம் வரை மறுபடி மறுபடி முயலும். உங்கள் சர்வர் சற்று நேரம் நின்றிருந்தாலும் அறிவிப்பு தொலையாது என்பது இதனால் வரும் நன்மை.

உங்கள் கணினியில் இதைச் சோதிக்க, என்கிராக் போன்ற சுரங்கக் கருவி ஒன்று வேண்டும். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை அது உங்கள் 8000-ஆம் போர்ட்டுக்குக் கொண்டுவரும். அது தரும் முகவரியை ஜாங்கோவின் அலவுட் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் சேர்க்க மறந்தால் எல்லா அறிவிப்புகளுக்கும் 400 என்ற பதிலே போகும். சோதனைப் பதிவேற்றங்களில் டெஸ்ட் என்ற குறியை இட்டால் கட்டணம் கிடையாது. முதல் 10 நொடிகள் மட்டும் மக்ஸின் முத்திரையோடு தயாராகி, 24 மணி நேரத்தில் தானே நீங்கிவிடும்.

பார்ப்பவருக்குக் காட்டுதல்

காணொளிப் பக்கத்தின் வியூ, பயனர் உள்நுழைந்திருக்கிறாரா, இந்தக் குழுவின் பதிவைப் பார்க்க அனுமதி பெற்றவரா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகே டோக்கனை உருவாக்க வேண்டும். மக்ஸில் கையொப்பத் திறவுகோல் ஒன்றை எடுத்து, பைஜேடபிள்யூடி நூலகத்தைக் கொண்டு ஆர்எஸ்256 முறையில் ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட டோக்கன்) ஒன்றைச் செய்யுங்கள். சப் என்ற இடத்தில் பிளேபேக் எண், ஆட் என்ற இடத்தில் காணொளியைக் குறிக்கும் வி என்ற எழுத்து, எக்ஸ்ப் என்ற இடத்தில் காலாவதி நேரம், தலைப்பிலுள்ள கிட் (kid) என்ற இடத்தில் திறவுகோலின் எண். முகப்புப் படத்துக்கும், நகர்த்தும்போது தெரியும் சிறு படங்களுக்கும் ஆட் என்ற இடத்தில் முறையே டி, எஸ் என்ற எழுத்துகளோடு தனித் தனி டோக்கன்கள் வேண்டும். முகப்புப் படம் எந்த நொடியிலிருந்து வேண்டும் என்பதையும் டோக்கனுக்குள்ளேயே எழுத வேண்டும். முகவரியின் இறுதியில் சேர்த்தால் அது ஏற்கப்படாது.

காலாவதி நேரத்தை எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே அளவாக வைக்காதீர்கள். காணொளி ஓடும்போதும், தரம் மாறும்போதும், பார்ப்பவர் முன்னும் பின்னும் நகர்த்தும்போதும் புதிய கோரிக்கைகள் போகும். அப்போதும் டோக்கன் செல்லுபடியாக வேண்டும். ஒரு மணி நேர டோக்கனோடு மூன்று மணி நேரக் கர்ண மோட்சத்தைப் பார்க்கத் தொடங்கினால், கர்ணன் களத்தில் நிற்கும்போது காணொளி நின்றுபோகலாம். வெப்ஹுக்கில் வந்த நீளத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக் காலாவதியை வையுங்கள். நீளத்துக்கு ஒரு புலம் கேட்டது இதற்காகத்தான். டோக்கன் உள்ள பக்கம் எங்கும் தேக்கி வைக்கப்படாதிருக்க, வியூவுக்கு நெவர் கேஷ் அலங்காரியைச் சேர்த்துவிடுங்கள்.

டெம்ப்ளேட்டில் மக்ஸ் பிளேயர் என்ற உறுப்பை ஒரே வரியில் வைக்கலாம். பிளேபேக் எண்ணையும் மூன்று டோக்கன்களையும் அதன் பண்புகளாகக் கொடுத்தால், எச்எல்எஸ் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நிலை தயார் என்று இல்லாதபோது இந்த உறுப்பை வைக்காமல், பதிவு தயாராகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரியைக் காட்டுங்கள். பாட்டு வரிகளைத் துணையுரையாகத் தர விரும்பினால், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் விடிடி கோப்பு ஒன்றை எழுதி, தமிழ் என்று மொழியைக் குறித்து அசெட்டோடு சேர்க்கலாம். கூத்துப் பாட்டைக் கற்றுக்கொள்ளும் இளையவர்களுக்கு அது பெரிய உதவி என்பதால் இந்த உழைப்பைத் தயங்காமல் செய்யுங்கள்.

நீக்குதல்

ஒரு பதிவு வேண்டாம் என்று குழு சொன்னால், உங்கள் தரவுத்தளத்தில் வரியை நீக்குவது மட்டும் போதாது. அசெட் சேவையில் அப்படியே இருக்கும், கட்டணமும் ஓடும். மாடலின் டிலீட் முறையை மாற்றி எழுதி அங்கிருந்து ஏபிஐயை அழைக்கலாம் என்று தோன்றும். ஆனால் நிர்வாகப் பக்கத்தில் பல வரிகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நீக்கும்போது ஜாங்கோ அந்த முறையை அழைப்பதில்லை. போஸ்ட் டிலீட் சிக்னல் இரு வழிகளிலும் வரும். ஆகவே அசெட் எண்ணைக் கொண்டு சேவையில் நீக்கும் அழைப்பை அங்கே எழுதுங்கள். அந்த அழைப்பு தோற்றால் அசெட் எண்ணைத் தனி அட்டவணையில் குறித்து வைத்து, நாளுக்கு ஒரு முறை ஓடும் மேனேஜ்மென்ட் கட்டளை ஒன்று மறுபடி முயலும்படி செய்யுங்கள். அசல் கோப்பின் ஒரு படி குழுவிடம் வன்தட்டில் இருப்பதை உறுதி செய்த பிறகே நீக்கும் பொத்தானை வாத்தியாரின் கணக்குக்குத் திறந்துவிடுங்கள்.